வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஆய்வாளர் அம்மாவைப் பஞ்சு அறைக்குள் வைத்துத் தாழ் போட்டது மாப்பிள்ளைதான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று ஒரு காரியத்தைச் செய்கிற சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்த மனுஷன் எங்கேயோ போயிருப்பார் என்று அவர் மனைவியே பத்துப் பேர் முன்னால் சொல்வாள்.

தலையணைக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பஞ்சு ஊதுகிற மெஷின் ஓட ஆரம்பித்தால் அதன் காற்றுக்குக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். திறந்தால் போச்சு. பஞ்சு பறந்து போய்த் தேநீரில் விழும், கண்ணிமையில் உட்காரும், பேக்கிங் அக்காவின் மூக்கில் ஏறும். அவள் தும்ம ஆரம்பித்தால் அன்றைய வேலை அதோடு சரி. அதனால் பஞ்சு அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கடைசியாக வெளியே வருகிறவர் கதவை இழுத்துத் தாழ் போட்டுவிட வேண்டும். மாமனார் காலத்துச் சட்டம். மாமனார் போய்ச் சேர்ந்து, கம்பெனி மகள் கைக்கு வந்து, மகளைக் கட்டியவர் கொள்முதல் பார்க்கிறவராக ஆகி, கம்பெனி முழுக்க அவரை மாப்பிள்ளை சார் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. அவருக்கு அது கையிலேயே ஊறிவிட்டது. மனைவி குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறைக்கு வெளியே தாழ் போட்டுவிட்டுக் கடைக்குப் போன வரலாறும் உண்டு. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

ஆய்வாளர் அம்மா பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து தீயணைப்புக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே வந்தார். கதவை இழுத்தார். தாழ் போட்டார். போன் பேச்சு முடிந்து நிற்கையில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

இப்படி மாட்டிக்கொள்வது வழக்கமாகப் பேக்கிங் அக்காதான். அவளுக்கென்றே மாப்பிள்ளை ஒரு வேடிக்கை வைத்திருந்தார். இப்போதும் குரலைக் கிழவன் மாதிரி மாற்றிக்கொண்டு, "வீட்ல யாரும் இல்லீங்க! அப்புறமா வாங்க!" என்றார். உள்ளேயிருந்து அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள், இவர் சிரித்துக்கொண்டே திறப்பார். வருஷக்கணக்காக ஓடுகிற வேடிக்கை. தேய்ந்தே போயிருந்தாலும் அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாக இருக்கும்.

இந்தத் தடவை திட்டு வரவில்லை. மறுபடி தட்டல்.

"அட, யாரும் இல்லைன்னு சொல்றேன்ல! அப்புறமா வாங்க!"

"யாரை சார் அப்புறமா வரச் சொல்றீங்க?" என்று கேட்டபடி பேக்கிங் அக்கா தேநீர்த் தட்டோடு எதிரில் வந்து நின்றாள்.

திறந்தபோது ஆய்வாளர் அம்மாவின் தலை, புருவம், மூக்குக் கண்ணாடி எங்கும் பஞ்சு. பத்து நிமிஷத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாப்பிள்ளை சமாளித்திருப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"இது ஏங்க வெளியில இருக்கு?"

மாப்பிள்ளை விளக்கினார். மெஷின், காற்று, மூக்கு, தும்மல், மாமனார். அந்த அம்மா தலையாட்டினார். "சரிங்க, புரியுது. உங்களுக்கு உறை தைச்சுக் கொடுக்கிற ஷெட் ஒண்ணு இருக்கில்ல, அங்க எப்படி?"

"அங்கயும் இதே தாழ்ப்பாள்தாங்க. ஷெட் நம்ம மச்சானோடது. தாழ்ப்பாள் நானே வாங்கிக் கொடுத்தது. மொத்தமா வாங்கினா மலிவா வருதுன்னு ஒரு பெட்டியே வாங்கிட்டேன்." கொள்முதலில் அவர் அடைந்த வெற்றிகள் குறைவு. கிடைத்ததைச் சொல்லிக்கொள்வார்.

"அங்க பஞ்சு இருக்கா?"

"இல்லீங்க. துணி, நூல், மெஷின். அவ்வளவுதான்."

"ஊதுற மெஷின்?"

"அது இங்க மட்டும்தான்."

"அப்ப அங்க எதுக்கு வெளியில தாழ்ப்பாள்?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்கும் அந்த வாயில் ஒரு வேடிக்கை தயாராக இருக்கும். இப்போது பேக்கிங் அக்காவின் தட்டிலிருந்து ஒரு தேநீரை எடுத்து அதை அடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில அந்த ஷெட்டைப் பார்க்கணும்," என்றார் அந்த அம்மா. "பயப்படாதீங்க, திட்டுறதுக்கு வரல. எங்க ஹோட்டல் தலையணையை யாரு தைக்கிறாங்க, அவங்க நினைச்சா எழுந்து வெளிய போக முடியுமா, இதைத் தெரிஞ்சுக்கிறதுதான் என் வேலை. தப்பு இருந்தா சேர்ந்து உட்கார்ந்து சரி பண்ணலாம். அதுக்கு நேரமும் தருவோம். மறைச்சாத்தான் ஆர்டரை நிறுத்துவோம்."

ஹோட்டல் ஆர்டர் நின்றால் கம்பெனி நிற்கும். பேக்கிங் அக்காவுக்கும் அது தெரியும். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, தும்மல் வராமலே மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

*

வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே காற்றே இல்லை. மேகம் கட்டிக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மனைவி உருளைக்கிழங்கையும் முட்டையையும் தட்டில் வைத்தாள். மைத்துனன் முன்னமே வந்து உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருந்தான். அவனுக்குச் சேதி போயிருந்தது. நல்ல பையன். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான். மாப்பிள்ளையின் வண்டி பழுதானால் அவன்தான் தள்ளிக்கொண்டு போவான். அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மச்சான், அந்தத் தாழ்ப்பாள் எதுக்குடா வெளியில?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"பாதுகாப்புக்கு மாமா. பொம்பளைப் பிள்ளைங்க. எங்கிருந்தோ வந்து தங்கி வேலை பார்க்குதுங்க. காலம் கெட்டுக் கிடக்கு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"பாதுகாப்புன்னா உள்பக்கம்ல போடணும்?"

"உள்பக்கம் போட்டா அவங்களே திறந்துடுவாங்களே மாமா."

சொல்லிவிட்டு அவன் முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டதாகத் தெரியவில்லை. மனைவிக்குக் கேட்டது. அவள் கரண்டி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மறுபடி நகர்ந்தது.

"அவங்க போன் எல்லாம்?"

"என்கிட்டதான். பத்திரமா இருக்கு. கையில கொடுத்தா வேலை ஓடுமா? நீங்களே சொல்லுங்க. அடையாள அட்டையும் என் அலமாரியில வெச்சிருக்கேன். தொலைச்சிடுதுங்க மாமா. நான் ஒண்ணும் அவங்களை அடிக்கல, திட்டல. என் வீட்டுல என்ன சாப்பாடோ அதுதான் அங்கயும். போய்க் கேட்டுப் பாருங்க, நல்லாருக்கோம்னுதான் சொல்லும்ங்க."

"கேட்டிருக்கேன்டா. அதைத்தான் சொல்லுதுங்க."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னதான்? மாப்பிள்ளை கிழங்கைப் பிசைந்தார். உறைக் கட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் அங்கே முன்வரிசையில் ஓரம் தைக்கிற பெண்ணிடம் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்பார். "நல்லாருக்கோங்க," என்பாள். வேறு ஒரு வார்த்தை அவளிடமிருந்து வந்ததில்லை. அதனால் அவளுக்கு 'நல்லாருக்கோம்' என்றே பெயர் வைத்துவிட்டார். கம்பெனியில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைத்ததும் உண்டு.

மைத்துனன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "ஒண்ணு பண்ணலாம் மாமா. நாளைக்கு ஒரு நாள் அவங்களை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடறேன். ஷெட்டுல லீவுன்னு சொல்லிடுங்க."

"வேணாம்டா. அந்த அம்மா இன்னொரு நாள் வரும்."

"அப்ப தாழ்ப்பாளை மாத்திட்டா முடிஞ்சுது," என்றாள் மனைவி. கம்பெனியில் பேசுகிற குரல் அது. "ஏங்க, நீங்களே போய் உள்பக்கம் வெச்சு முடுக்கிட்டு வந்துடுங்க. தம்பி போனா அதுங்க பயந்து மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுக்கும். நீங்க போனா சிரிக்கும்ங்க. அப்படியே நாளைக்கு எப்படிப் பேசணும்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"தெரியுமா தெரியாதா?"

"நான் அந்த ஷெட்டுக்குப் போனதே இல்ல," என்றாள் அவள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அங்கிருந்து கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்: "போனா தெரிஞ்சிடுமே."

மாப்பிள்ளைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் போகாமலே தப்பித்தாள். இவர் மாதத்துக்கு நாலு தடவை போய் வந்தும் தப்பித்திருந்தார். இரண்டில் எது பெரிய திறமை என்று யோசித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார்.

*

ஷெட் மரக்கடைக்குப் பின்னால், ஊர் முடிந்து போகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை. ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, வெளிச்சம் மட்டும் வரும்படி. வண்டியை நிறுத்தியபோது உள்ளே தையல் மெஷின்கள் விட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. கதவில் தாழ் போட்டிருந்தது.

வழக்கமாக நீக்கிவிட்டு உள்ளே போவார். காலையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு இன்று தட்ட வேண்டும் போலத் தோன்றியது. தானே வெளியிலிருந்து திறக்க வேண்டிய கதவைத் தட்டுவதில் ஒரு கிறுக்குத்தனம் இருக்கத்தான் செய்தது. தட்டினார்.

மெஷின்கள் நின்றன. உள்ளேயிருந்து ஒரு இளம்குரல், கிழவன் மாதிரி நடுங்கிக்கொண்டு, சத்தமாகச் சொன்னது: "வீட்ல யாரும் இல்லீங்க! அப்புறமா வாங்க!"

கொல்லென்று ஒரு சிரிப்பு.

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நம்ம சரக்கு! இவ்வளவு தூரம் நடந்து இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது! வந்த காரியத்தின் பாரம் பாதி இறங்கின மாதிரி இருந்தது. சிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற இடம் அவ்வளவு மோசமாக இருந்துவிடாது என்று ஒரு நினைப்பு ஓடியது. தாழை நீக்கித் திறந்தார்.

அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லக் குறையவில்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி. மைத்துனன் என்று நினைத்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். யார் என்று நினைத்தார்கள்? மரக்கடைப் பிள்ளைகள் யாராவது என்றிருக்கலாம்.

உள்ளே வெக்கை அடித்தது. மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்த வாடை. இரண்டு வரிசை மெஷின்கள், நடுவில் மலை மாதிரி வெள்ளை உறைகள். சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், கயிற்றில் காய்கிற துணிகள், அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். இதையெல்லாம் அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எண்ணி எடுக்க வேண்டிய உறைகளைப் பார்க்கிற கண்ணால் பார்த்திருந்தார்.

முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"நல்லாருக்கீங்களா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நல்லாருக்கோங்க."

"உட்காருங்க, உட்காருங்க. தாழ்ப்பாளை மாத்த வந்தேன். வெளியில இருக்கிறதை உள்ள வைக்கப் போறேன்."

யாரும் மெஷினை ஓட்டவில்லை. மாப்பிள்ளை வேலையை ஆரம்பித்தார். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து மரத்தோடு ஒட்டியிருந்தன. மலிவாக வாங்கின சரக்குக்கு இவ்வளவு பிடிமானம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவதைத் திருகும்போது டிரைவர் வழுக்கி விரலைக் கிழித்துவிட்டது. கடைசி மெஷினில் இருந்தவள், எல்லோரிலும் சின்னவள், வெட்டின உறைத் துணியில் ஒரு நறுக்கை எடுத்து வந்து கொடுத்தாள்.

"பாரு, ஹோட்டல்காரனுக்குப் போக வேண்டிய துணி. என் விரல் எவ்வளவு வசதியா தூங்கப் போகுது பாரு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் உள்பக்கம் வந்துவிட்டது. கோணலாகத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்தது. போட்டுக் காட்டினார், திறந்து காட்டினார். "இனிமே நீங்களே போடலாம், நீங்களே திறக்கலாம். வந்து பாருங்களேன்."

ஒருத்தியும் எழுந்து வரவில்லை.

"உங்க மச்சானுக்குத் தெரியுமாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியும். தெரிஞ்சுதான்."

"நாளைக்கு மட்டுமாங்க?"

மாப்பிள்ளை விரலில் சுற்றின துணியைச் சரிசெய்தார். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நாளைக்குன்னு யாரு சொன்னா?"

"யாராச்சும் பார்க்க வந்தாத்தாங்க எதையாவது மாத்துவாங்க. இதுக்கு முன்னால தச்ச இடத்துலயும் அப்படித்தான்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசைப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார். "வெளிய எப்ப போவீங்க?"

"ஞாயித்துக்கிழமைங்க. அவரு கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வருவாரு."

"தனியா?"

"தனியா எதுக்குங்க?"

"வீட்டுக்குப் போன் பேசணும்னா?"

"அன்னிக்குத் தருவாருங்க. பக்கத்துல இருப்பாரு."

"ஊருக்கே போயிடணும்னு தோணினா? போகலாமா?"

அவள் கையிலிருந்த உறையின் ஓரத்தை நீவிவிட்டாள். "நல்லாருக்கோங்க," என்றாள்.

இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் மனைவி. சொல்லிக் கொடுக்க அங்கே ஒன்றும் பாக்கி இல்லை. அந்த ஒற்றை வார்த்தையை இத்தனை நாளும் உறைக் கட்டோடு சேர்த்து வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர் அவர்தான். அதற்குப் பெயர் வேறு வைத்தார்.

கூரைமேல் நாலு சொட்டு விழுந்தது. அதோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"மாத்தியாச்சா?" என்றாள்.

"மாத்திட்டேன். இன்னொண்ணு. நான் அந்த அம்மாவுக்கு இன்னிக்கே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி இங்கதான் உட்கார்ந்திருக்கான்," என்றாள்.

"நல்லதாப் போச்சு. இவங்க போன், அட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இப்பவே இங்க வரச் சொல்லு."

"அவன் என் தம்பிங்க."

"எனக்கும்தான் தம்பி. அதனாலதான் போலீஸ்கிட்ட போகாம அந்த அம்மாகிட்ட சொல்றேன். சரி பண்ண நேரம் தருவோம்னு அவங்களே சொன்னாங்க. மறைச்சாத்தான் எல்லாம் போகும். கம்பெனியும் போகும், இவனும் போவான்."

"எதுக்கும் வீட்டுக்கு வந்து பேசிக்கலாமே."

"வந்தா நீ கிழங்கு வைப்பே. நான் சாப்பிட்டுடுவேன்," என்றார் மாப்பிள்ளை. அவள் போனை வைத்துவிட்டாள். கோபமா அழுகையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மார்பு லேசாக விரிந்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்று ஒரு காரியம் செய்திருந்தார். சாட்சிக்கு ஒரு ஷெட் நிறைய ஆட்கள் வேறு.

"இங்க பாருங்கம்மா," என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு. "நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க. அவங்ககிட்ட நல்லாருக்கோம்னு சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. எந்த ஊருக்குப் போகணும்னாலும் சொல்லுங்க, இங்கயே வேலை செய்யணும்னா அதையும் சொல்லுங்க. மச்சான் பேரைச் சொல்றதுக்குத் தயங்க வேணாம். நான் பக்கத்துலயே நிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

முன்வரிசைப் பெண் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"அப்ப உங்களையும் சொல்லணுமேங்க."

"என்னையா?" மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நான் என்னம்மா பண்ணினேன்? தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தேன், அதுதானே? சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த உறையை மெஷின் மேல் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. குரலில் கோபமே இல்லை.

"போன வெயில் காலத்துல ஒரு நாள் நீங்க உறை எடுக்க வந்தீங்க. உங்க மச்சான் அன்னிக்கு ஊர்ல இல்ல. கரண்டு இல்ல. டிரம்மில தண்ணி தீர்ந்துபோச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாங்க யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே நீங்க கட்டைத் தூக்கிட்டு வெளிய போய்க் கதவை இழுத்துத் தாழ் போட்டுட்டீங்க. இவ மயங்கி விழுந்துட்டா." கடைசி மெஷினைக் காட்டினாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்க எல்லாருமாச் சேர்ந்து கதவைத் தட்டினோம். சாயங்காலம் வரைக்கும் தட்டினோம். அப்புறம் மரக்கடை ஆளுதான் வந்து திறந்துவிட்டாரு."

"ஐயோ," என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தெரியாதேம்மா. நான் வண்டியை எடுத்திருப்பேன். சத்தியமா எனக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சுங்க," என்றாள் அவள். "வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே தட்டினோம். நீங்க பதில்கூடச் சொன்னீங்களே. வீட்ல யாரும் இல்லீங்க, அப்புறமா வாங்கன்னு."